இருந்தபடியே ஒரு ஹெரால்டு

நாச்சிமுத்துவின் காதில் அந்தச் சத்தம் நாற்பத்தைந்து வருஷமாக இருக்கிறது. முதலில் ஈரச் சாக்கைத் தரையில் போட்டாற்போல் ஒரு ‘தொப்’. அப்புறம் குளத்துத் தண்ணீர் விலகிப்போய், கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்ட ஒரு ‘சளார்’. கடைசியாகப் புகைக்குழாயிலிருந்து மூன்று குமிழிகள்: ளொக், ளொக், ளொக். அதன்பிறகு ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அவ்வளவு மரியாதையான அமைதியை, தன் கல்யாணம் உட்பட வேறெங்கும் அவர் கேட்டதில்லை.

அது மூன்று மலைக் கார்ப் பந்தயத்தின் இரண்டாம் நாள். புங்கம்பதியிலிருந்து இரண்டு வண்டிகள் போயிருந்தன. பச்சை ஹெரால்டு நாச்சிமுத்துவுடையது. ஆனால் அவருக்கு ஓட்டத் தெரியாது. சிநேகிதர் ராக்கியண்ணன் ஓட்டினார். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்திலிருந்து வழி படித்தார். படிப்பதைக் கேட்டு அப்படியே ஓட்ட வேண்டும், சொந்த மூளையைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது ரேலி என்கிற இந்தப் பந்தயத்தில் முதல் பாடம். அதில் புங்கம்பதிக்காரர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே போய், நாச்சிமுத்து வழி முழுவதையும் முத்துமுத்தாக எழுதி வைத்திருந்தார். ‘இளநீர் வெட்டுகிறவரைத் தாண்டி வலது. குடை பிடித்த வாத்தியாருக்கு அருகே வேகம் குறை. வெள்ளை மாடு நிற்கும் இடத்தில் சட்டென்று இடது.’

பந்தயத்தன்று இளநீர்க்காரர் ஊரில் இல்லை. இன்னொரு இளநீர்க்காரர் கிடைக்கும்வரை ஒன்பது மைல் நேராகப் போனார்கள். வாத்தியாருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அவர் வந்தார், ஆனால் வெயில் இல்லாததால் குடை பிடிக்கவில்லை. கெஞ்சிப் பிடிக்கவைத்து, வேகத்தைக் குறைத்தார்கள். வெள்ளை மாடு மட்டும் வாக்குத் தவறாமல் வந்திருந்தது. தாகமெடுத்துக் குளத்தோரம் நின்றிருந்தது, அவ்வளவுதான். “சட்டென்று இடது” என்று படித்தார் நாச்சிமுத்து. ராக்கியண்ணன் சட்டென்று இடது பக்கம் திருப்பினார்.

இரண்டாவது வண்டி குப்பணனின் பியட். சந்தன நிறம். தோரண வளைவு வந்தால் பந்தயம் முடிந்தது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில், ஆலமேடு என்ற ஊரில், வாழைமரம் கட்டிய ஒரு வளைவு வந்தது. நுழைந்தார். மாலை போட்டு வரவேற்றார்கள். பந்தி போட்டார்கள். மணமக்களை வாழ்த்தச் சொன்னபோது வாழ்த்தினார். அந்த வளைவுக்கு வேறெந்த வண்டியும் வராததால் தானே முதலாவது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

அதோடு இரண்டு வண்டிகளும் ஓய்வு பெற்றன. புங்கம்பதி பழைய ரேலி வண்டி அபிமானிகள் சங்கம் பிறந்தது. முதலாவதாக வந்தவர் என்பதால் குப்பணன் தலைவர். அழகான கையெழுத்துக்காகப் பழனியப்பன் செயலாளர். அவரிடம் வண்டி கிடையாது, டைனமோ வைத்த சைக்கிள் ஒன்று உண்டு. நாச்சிமுத்துவும் ராக்கியண்ணனும் உறுப்பினர்கள். சங்கம் வாராவாரம் கூடி, வண்டிகளைச் சுற்றி வந்து, கலைந்தது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். செல்லாத்தாள் விடவில்லை.

“ஏனுங்க,” என்றார் நாச்சிமுத்துவின் மனைவி செல்லாத்தாள், ஒரு மார்கழிக் காலையில். “தை அமாவாசைக்கு மாவரைக்கிற மெஷின் வருது. கொட்டாய் எனக்கு வேணும். அதுக்குள்ள உங்க பச்சைத் தவளை போற எடம் போயிரணும். இல்லைன்னா பழைய இரும்புக்காரரு சம்மட்டியோட வருவாரு. சொல்லி வெச்சுட்டேன்.”

“அது தவளை இல்லீங்க. ஹெரால்டு.”

“தவளையாச்சும் தானாக் குதிச்சு வெளிய வந்திருக்கும். இதைக் கயிறு கட்டியில்ல இழுத்தாங்க.”

நாச்சிமுத்து எழுந்தார். கொட்டாய்க்குப் போய், வண்டியில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். எழுபது வயதில் ஒரு மனிதர் உட்கார இந்த உலகத்தில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அவருக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

அவர் நல்ல காலம், கோயம்புத்தூரில் அம்பலவாணன் என்றொருவர் ரேலி வண்டிகளுக்காகவே அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்தார். சங்கம் அவருக்கு எழுதியது. பதில் வந்தது: ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம் இருக்கிறது; இரண்டின் சிறப்புகளையும் ஒப்பிட்டு எழுதுங்கள்; முக்கியமாக, சேகரிப்பவர்களை ஈர்க்கும் தன்மை எதற்கு அதிகம் என்று தெரிய வேண்டும்.

சங்கம் அவசரமாகக் கூடியது.

“பியட்டுல கியர் ஸ்டியரிங்கிலயே இருக்குது,” என்றார் குப்பணன். “முன்னாடி மூணு பேர் உக்காரலாமுங்க. ரெண்டு பேருக்குச் சண்டை வந்தா மூணாவது ஆளு தீர்த்து வெப்பாரு.”

“ஹெரால்டுல ரெண்டே பேருதானுங்க முன்னால,” என்றார் நாச்சிமுத்து. “சண்டை வந்தா ஒருத்தர் எறங்கிக்கலாம்.”

“கதவு?”

“எங்களுக்கு ரெண்டு. உங்களுக்கு நாலு.”

“அப்ப நாங்க ரெண்டு கதவு அதிகம்.”

“மூட மறக்கறதுக்கும் ரெண்டு அதிகமுங்க, தலைவரே.”

ராக்கியண்ணன் தொண்டையைக் கனைத்தார். “ஹெரால்டுக்கு முன்மூடி மொத்தமா முன்னால சாயும். எஞ்சின் முழுசும் தெரியும். என்ன கெட்டுப்போச்சுன்னு தெரியாட்டியும், எல்லாத்தையும் பார்த்த திருப்தி இருக்கும்.”

பழனியப்பன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எடையில்தான் சிக்கல் வந்தது. ரேலி வண்டி லேசாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, சேகரிக்கிறவர் கனமானதைத்தான் மதிப்பார் என்று ஒரு கட்சி. எதுவானாலும் நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று எடைமேடைக்கு இழுத்துப் போனார்கள். யாரையும் யாரும் நம்பாததால் நால்வரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து நிறுத்தார்கள். பியட்டை நிறுத்தபோது காலை. ஹெரால்டுக்கு முறை வந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. ஹெரால்டு சற்றுக் கனம் என்று முடிவானது. சாப்பாட்டைக் கழிக்க வேண்டும் என்றார் குப்பணன். எவ்வளவு நேரத்தில் கழியும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள்.

மிஞ்சியது ஈர்க்கும் தன்மை. இரண்டு வண்டிகளையும் கடைவீதியில் எதிரெதிராக நிறுத்தி, எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். பியட்டைப் பதினோரு பேர் பார்த்தார்கள். ஹெரால்டையும் பதினோரு பேர். அதே பதினோரு பேர்தான். தெருவைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தவர்கள். ஆறு பேர் வண்டிகளை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்த நால்வரையே பார்த்தார்கள். “அது எந்த வண்டி கணக்குலயும் வராது” என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். கடைசியில் ஒரு நாய் வந்து, இரண்டையும் நிதானமாக முகர்ந்து, ஹெரால்டின் அடியில் படுத்தது. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

‘ஹெரால்டு, ஒரு நாய் வித்தியாசத்தில்’ என்று பழனியப்பன் எழுதி அனுப்பினார்.

அம்பலவாணன் நல்ல மனிதர், பொறுமைசாலி. தை இரண்டாம் சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக எழுதினார். கூடவே கறாராக நாலு வரி: ‘துடைக்க வேண்டாம், வர்ணம் பூச வேண்டாம். கடைசிப் பந்தயம் முடிந்த நிமிஷத்தில் வண்டி எப்படி இருந்ததோ, இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். அன்று உள்ளே என்னென்ன இருந்தனவோ எல்லாம் இருக்க வேண்டும். அன்றைக்கு இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது.’

பழனியப்பன் இதை மூன்று முறை வாசித்தார். மூன்றாவது முறை முடிந்ததும் எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

“குளம் இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?” என்று கேட்டார் குப்பணன்.

இருந்தது. அந்த வருஷம் மழையும் நல்ல மழை. டிராக்டரில் ஹெரால்டைக் கட்டி இழுத்துப்போய், சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குளத்துக்குள் இறக்கினார்கள். எவ்வளவு தூரம் இறக்குவது என்பதில் அபிப்பிராய பேதம் வந்தது.

“அன்னைக்குத் தண்ணி என்ற சட்டைப்பை வரைக்கும் வந்துதுங்க,” என்றார் நாச்சிமுத்து. “பேனா நனைஞ்சுது, மூடி நனையல.”

“அப்ப நீங்க ஒல்லியா இருந்தீங்க,” என்றார் ராக்கியண்ணன். “வயிறு தள்ளினதுல சட்டைப்பை ஒரு அங்குலம் மேல போயிருக்கும். அதைக் கழிச்சுத்தான் எறக்கோணும்.”

கழித்து இறக்கினார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு வெள்ளை மாட்டைக் கரையில் நிறுத்தினார்கள். அதன் நெற்றியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அன்றைய மாட்டுக்குக் கிடையாது. பழனியப்பன் சுண்ணாம்பு தடவினார்.

“உள்ளே இருந்ததெல்லாம் இருக்கோணும்னு போட்டிருக்குது,” என்றார் ராக்கியண்ணன். “நான் எங்க இருந்தேன்?”

“நீங்க விழுந்த உடனே கதவைத் திறந்துட்டு ஓடினீங்க.”

“நீங்க?”

“நான் இருந்தேனுங்க. யாரும் எறங்கச் சொல்லலை. நோட்டுல இன்னும் பதினாலு பக்கம் பாக்கி இருந்துது. படிச்சுட்டே இருந்தேன்.”

இதைச் சொன்னபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். சட்டைப்பை மட்டம் சரியாக இருந்தது.

குப்பணனின் வேலை இதைவிடக் கடினம். அவருக்கு ஒரு கல்யாணம் வேண்டும். அதுவும் அதே கல்யாணம். ஆலமேட்டுக்குப் போய் அந்த மணமக்களைத் தேடிப் பிடித்தார். தெய்வாதீனமாக மாப்பிள்ளைக்கு அந்தத் தையில் எழுபது நிறைந்தது. பீமரத சாந்தி என்று மறுபடியும் கல்யாணமே வைத்திருந்தார்கள். வாழைமரம், தோரண வளைவு, பந்தி, மாலை எல்லாம் அப்படியே. வளைவுக்குக் கீழே பியட்டை நிறுத்தி, அன்றைக்குப் போலவே தானும் மாலையோடு பக்கத்தில் நின்றார்.

அம்பலவாணன் முதலில் அங்கேதான் போனார். அவரைப் பந்தியில் உட்காரவைத்தார்கள். அவர் பாயசம் குடித்து முடிப்பதற்குள் பியட் கைவிட்டுப் போய்விட்டது. மாலையும் கையுமாக வாசலில் நின்ற குப்பணனைப் பார்த்ததும், அவர் மணமக்களுக்கு வண்டி பரிசு கொண்டுவந்திருக்கிறார் என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. மாப்பிள்ளைக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பணனைக் கட்டிப் பிடித்தார்.

“வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?” என்று குப்பணன் பிற்பாடு சங்கத்தில் கேட்டார். “நல்ல நாளும் அதுவுமா.” அப்படிச் சொல்ல முடியாதுதான் என்று சங்கம் ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

ஆக, பன்னிரண்டு மணிக்கு அம்பலவாணன் குளக்கரைக்கு வந்தபோது மிச்சமிருந்தது ஒரே வண்டி. தூரத்தில் அவர் காரைக் கண்டதுமே ராக்கியண்ணன் கதவருகிலிருந்து ஓடத் தொடங்கினார். எழுபத்திரண்டு வயதில், முழங்கால் வரை சேறோடு, வந்தவரைத் திரும்பியும் பார்க்காமல் கரையேறி ஓடினார். அன்றைக்குப் புங்கம்பதி வரைக்கும் ஓடியிருந்ததால் இன்றைக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

அம்பலவாணன் கரையில் நின்று பார்த்தார். பச்சை ஹெரால்டு. சட்டைப்பை வரை தண்ணீர். உள்ளே ஒரு முதியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்: “கருப்பராயன் கோயில் தாண்டி வலது. சாக்கில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குப் பிறகு நேராக…” பக்கத்து இருக்கை காலி. படிப்பது நிற்கவில்லை.

மாடு வாலை ஆட்டியது. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது.

அம்பலவாணன் தண்ணீரோரம் வரை இறங்கி வந்தார். உலகமெல்லாம் போய் வண்டிகளைப் பார்த்தவர். அசல் விளக்கு, அசல் இருக்கை, அசல் துரு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஏமாந்தவர். “இவ்வளவு அசலான வண்டியை நான் பார்த்ததே இல்லை” என்றார். அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கிரேன்காரரிடம் கொடுக்கும்படி பழனியப்பனிடம் தந்துவிட்டு, மனம் நிறைந்து போய்விட்டார்.

மூன்று மணிக்குக் கிரேன் வந்தது. வண்டி தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே எழும்பியது. ஆள் உயரத்துக்கு வந்தபோது நாச்சிமுத்து கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“ஏனுங்க, நான் எறங்கோணுமுங்களா?”

கிரேன்காரர் தாளைப் பிரித்து விரல் வைத்துப் படித்தார். “‘உள்ளே இருப்பவை அனைத்தும் உட்பட, இருந்தபடியே கொண்டுவரவும்’னு போட்டிருக்குதுங்க.”

“அப்படியே போட்டிருக்குதுங்களா?”

“கையெழுத்து இருக்குதுங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் என்னைத்தான் கேப்பாங்க.”

நாச்சிமுத்து ஒரு கணம் குளத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அருங்காட்சியகத்தில் வண்டியை இறக்கி, தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். ஸ்டியரிங் ஒன்று. இருக்கை இரண்டு. நோட்டு ஒன்று. வழி படிப்பவர் ஒன்று. எல்லாம் சரியாக இருந்தன. பதிவேட்டில் ஏற்றிய பிறகு ஒரு பொருளை வெளியே எடுக்க நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

நாச்சிமுத்து இப்போது அங்கேதான் இருக்கிறார், இரண்டாம் கூடத்தில், கயிறு கட்டிய தடுப்புக்கு உள்ளே, ‘தொடாதீர்கள்’ என்ற பலகைக்குப் பின்னால். மாதம் ஒருமுறை தூசி தட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. செல்லாத்தாள் ஞாயிறுதோறும் தூக்குப்போசியில் சாப்பாட்டோடு பார்க்கப் போகிறார். மூத்த குடிமக்களுக்கு அரை டிக்கெட்.