பத்திரமாக வைத்த போல்ட்

கோணக்காட்டூர் என்று ஓர் ஊர். அங்கே எல்லாருமே புத்திசாலிகள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் புத்திசாலிகளில் முதல் நான்கு இடங்களையும் ஒரே வீடு பிடித்து வைத்திருந்தது. மூத்தவர் மாரப்பன், அடுத்து செங்கோடன், தீர்த்தகிரி, கடைக்குட்டி நாச்சிமுத்து. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே லாரி. மூத்தவர்கள் மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். நாச்சிமுத்துவுக்குத்தான் முப்பத்தேழு வயதாகியும் ஒன்றும் அமையவில்லை. பதினோரு பெண் வீட்டார் வந்தார்கள், காபி குடித்தார்கள், "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

பன்னிரண்டாவதாக அமைந்தது சங்ககிரி அர்த்தநாரியின் மகள் பாவாத்தாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து நாச்சிமுத்து அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை, சட்டையையும் கழற்றவில்லை. ஜாதகம் பொருந்தியது. ஆனால் அர்த்தநாரி முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவருக்கு ஜாதகத்தைவிட என்ஜின் மேல்தான் நம்பிக்கை.

"சொந்த வண்டிக்கு ஆயில் மாத்தத் தெரியாதவன் பொண்டாட்டிய என்னத்த வச்சுக் காப்பாத்துவான்?" என்றார் போனில். "ஞாயித்துக்கெழம மத்தியானம் வர்றேன். ஆயில் அளவு காட்டற கேஜ் குச்சிய உருவிப் பாப்பேன். நீங்க ஆயில் மாத்தியிருந்தா நாம தட்டு மாத்திக்கலாம். இல்லீன்னா வேற எடம் பாத்துக்குங்க."

எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் அவரே வரிசையாகச் சொன்னார். பெரிய மனசு. எழுதத் தெரிந்த தீர்த்தகிரி அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டான். வினையே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வரியைப் படித்தான். "வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தவும்."

"சமம்னா என்னடா?" என்றார் மாரப்பன்.

"ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் கொறையன்னு இருக்கக்கூடாது. அதானுங்ணா சமம்" என்றான் செங்கோடன்.

வீட்டு வாசல் பாகப்பிரிவினையில் நான்காகப் பிரிந்திருந்தது. கயிறு பிடித்து அளந்து, ஆளுக்கொரு மூலை வரும்படி லாரியை முன்னும் பின்னும் எடுத்து ஒரு வழியாக நிறுத்தினார்கள். அந்த இடம் ஒரு பக்கம் நல்ல சரிவு. லாரி கள் குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. மாரப்பன் வீட்டுச் சமையலறைக் கதவும் அடைபட்டுப் போய், அவர் மனைவி இட்லித் தட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். ஆனாலும் யாருக்கும் அரை அடி கூடவில்லை, குறையவில்லை.

அடுத்த வரி: "என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கவும். கை பொறுக்கும் சூடு போதும்."

சாவியைத் திருகி ஐந்து நிமிஷம் ஓட விட்டிருந்தால் முடிந்திருக்கும். கோணக்காட்டூரில் சுலபமான வழிக்கு மரியாதை கிடையாது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, மூன்று பேர் முறை வைத்து என்ஜினுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று, "வலிக்குதான்னு பாத்துக் குடுங்ணா" என்றான். அவனுக்கு இப்போதே பொறுப்பு வந்துவிட்டது.

மூன்றாவது வரி: "அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றவும். பழைய ஆயில் வடியட்டும். போல்ட்டைப் பத்திரமாக வைக்கவும். அது தொலைந்தால் எல்லாம் போச்சு."

போல்ட்டைக் கழற்றினார்கள். பழைய ஆயில் அண்டாவில் வடிந்தது. இதுவரை எந்த மெக்கானிக்கும் குறை சொல்ல முடியாது. போல்ட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"பீரோவுல வைக்கலாமுங்ணா" என்றான் செங்கோடன்.

"பீரோவுக்குச் சாவி இருக்குதல்லோ? சாவி இருந்தா தெறக்கலாம். தெறந்தா எடுக்கலாம். எடுத்தா தொலையும்" என்றார் மாரப்பன்.

"அப்ப நாமளே நெனச்சாலும் எடுக்க முடியாத எடமா இருக்கோணும்" என்றான் தீர்த்தகிரி.

ஊரில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. மாரியம்மன் கோயில் உண்டியல். மூன்று பூட்டு போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனியில், ஆபீசர் வந்துதான் திறப்பார். இப்போது நடப்பது கார்த்திகை. நான்கு பேரும் பயபக்தியோடு போய், போல்ட்டைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினார்கள்.

நான்காவது வரி: "புது ஆயிலை ஊற்றவும்."

மேலே ஊற்றினார்கள். கீழே வந்தது. கழுவி வைத்திருந்த அண்டாவில் வந்ததைப் பிடித்து மறுபடி மேலே ஊற்றினார்கள். மறுபடி கீழே வந்தது.

"என்னுங்ணா இது, நிக்க மாட்டீங்குது?" என்றான் நாச்சிமுத்து.

"மாத்தத்தானடா சொன்னாங்க? மாறிக்கிட்டே இருக்குது பாரு. நல்ல வண்டிடா இது" என்றார் மாரப்பன்.

ஏழு தடவை மாற்றினார்கள். எட்டாவது தடவை தீர்த்தகிரி கடைசி வரியைப் படித்துவிட்டான். "குச்சியில் ரெண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும்." நிற்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. மணி பதினொன்றரை.

"ஓட்டைய யாராச்சும் வெரல வச்சு அடைக்கோணும்" என்றார் மாரப்பன்.

"யாரு வெரல வைக்கிறது?"

மூவரும் யோசித்தார்கள். "யாருக்குக் கண்ணாலமோ அவன் வெரல்" என்று தீர்ப்பானது.

நாச்சிமுத்து புதுச் சட்டையைப் பழைய சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, கட்டை விரலால் ஓட்டையை அடைத்தான். மறுபடி மேலே ஊற்றினார்கள். ஆயில் நின்றது. மாரப்பன் குனிந்து புத்தி சொன்னார்: "பதினொரு எடமும் மரியாத பத்தாமத்தான் தட்டிப்போச்சு. இவரு வந்தா ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு வணக்கம் சொல்லோணும். மறந்துறாத."

"மறக்க மாட்டனுங்ணா" என்றான் நாச்சிமுத்து.

அர்த்தநாரி சொன்ன நேரத்துக்குத் தன் லாரியிலேயே வந்து இறங்கினார். சலவை வேட்டி, சலவைச் சட்டை. நேராகப் போய்க் கேஜ் குச்சியை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு உருவினார். ரெண்டு கோட்டுக்கும் நடுவில் தேன் நிறத்தில் ஆயில் நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"மாப்ள எங்கீங்க?"

"வண்டிக்கு அடியில இருக்கறானுங்க" என்றார் மாரப்பன் பெருமையாக.

"பொண்ணு வூட்டுக்காரங்க வந்தும் வேலைய வுடாம இருக்கறாரு பாருங்க" என்று மெச்சிக்கொண்டே அர்த்தநாரி குனிந்து, வேட்டி மண்ணில் புரள அடியில் நுழைந்தார்.

நாச்சிமுத்து மறக்கவில்லை. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "வணக்கமுங்க மாமா."

பன்னிரண்டு லிட்டர். அத்தனையும் அந்த வேட்டி சட்டையில் இறங்கியது.

வெளியே வந்து நின்ற அர்த்தநாரியை அவர் பெற்ற மகளே அடையாளம் கண்டிருக்க மாட்டாள். பன்னிரண்டாவதும் போய்விட்டது என்று நாச்சிமுத்துவுக்கே தெரிந்துபோனது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். போட்டோவும் ஆயிலில் ஊறியிருந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போல்ட்டு எங்கடா?" என்றார் அர்த்தநாரி.

"பத்திரமா இருக்குதுங்க" என்றார் மாரப்பன்.

"எடுத்துட்டு வாங்க."

"எடுக்க முடியாதுங்க. அவ்வளவு பத்திரமா இருக்குது."

உண்டியல் கதையைச் சொன்னார்கள். அர்த்தநாரி முகத்தை வழித்து உதறினார். மூக்கு நுனியிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "உண்டியல்ல போடச் சொன்னது யாரு?"

"எல்லாரும்தானுங்க. கையில எடுத்துப் போட்டது நாச்சிமுத்து."

"ஒரு போல்ட்டையே இத்தன பத்திரமா வச்சவரு, எம்பொண்ண எத்தன பத்திரமா வச்சுக்குவாரு" என்றார் அர்த்தநாரி. "எடுங்க தட்ட."

அதோடு விடவில்லை. மாப்பிள்ளை வண்டி போல்ட் இல்லாமல் நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. ஸ்பானரை வாங்கிக்கொண்டு போய், தன் லாரிக்கு அடியில் படுத்து அதன் போல்ட்டைக் கழற்றினார். அவர் லாரியின் ஆயில் முழுதும் வாசலில் கொட்டி ஓடியது. "கழட்டறதுன்னா இப்படிக் கழட்டோணும்" என்று காட்டிவிட்டு, அதை இவர்கள் லாரியில் மாட்டினார். நான்கு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இப்படி ஒரு மூளை தங்களுக்கு இல்லையே என்று மாரப்பனுக்கு உள்ளுக்குள் வருத்தம்கூட வந்தது.

தட்டு மாற்றினார்கள். தை மாதம் பத்தாம் தேதி முகூர்த்தம் என்று முடிவானது. முதல் பெண் பார்த்தபோதே செய்து, ஒன்பது வருஷமாகப் பெட்டியில் கிடந்த தாலியை மாரப்பன் எடுத்து வந்து காட்டினார். அர்த்தநாரி அதைக் கண்ணில் ஒற்றி நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்.

"முகூர்த்தம் வரைக்கும் இதப் பத்திரமா வைங்க, மாப்ள."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்கள்.

"நில்லுங்க, நானும் வர்றேன்" என்று பின்னாலேயே ஓடினார் அர்த்தநாரி. "என் லாரிச் சாவி ஒண்ணு பையில லொடலொடன்னு கெடக்குது."