சிங்கக் குகையில் விருந்து

நாணல் ஓடைக் காட்டை ஆட்டிப் படைத்த கிழச் சிங்கம் பாறை வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனது. அதை யாரும் கொல்லவில்லை. உயிரோடு இருந்தவரை யாரும் எதிர்த்துப் பேசியதுகூட இல்லை. ஆனாலும் காட்டு விலங்குகள் எல்லாம் தாங்களே அதை அடித்துக் கொன்றதைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தன.

சிங்கம் குடியிருந்த குகை காலியாகக் கிடந்தது. மழைக்காலம் முடிந்ததும் வக்கணையன் என்ற நரி அதில் ஓர் உணவகம் திறந்தது. 'சிங்கக் குகை' என்றே அதற்குப் பெயர் வைத்தது. பயந்துகொண்டே சாப்பிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு!

திறந்த சில நாட்களிலேயே காடு முழுக்க அதே பேச்சு.

"உள்ளே என்ன இருட்டு தெரியுமா! என் குட்டி பயத்துல அங்கேயே ஒண்ணுக்குப் போயிட்டான். அவ்வளவு அருமை!" என்றது ஒரு முயல்.

"கிழங்கு சரியா வேகலை. ஆனா கர்ஜனை கேட்கும்போது முதுகெல்லாம் சிலிர்த்துப்போச்சு! அதுக்காகவே மறுபடியும் போவேன்!" என்றது மயில்.

"கர்ஜனை இன்னும் கொஞ்சம் சத்தமா இருக்கலாம்" என்றது காட்டுப்பன்றி.

மருதி என்ற கடமானுக்கு அங்கே போக விருப்பமே இல்லை. அதன் தலைப்பிள்ளையை அந்தச் சிங்கம்தான் அடித்துத் தின்றது. புதிதாகக் கொம்பு முளைத்த மகன். ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பவில்லை. அவன் கதறிய சத்தம் மட்டும் குன்றைத் தாண்டி வந்தது. மருதி விழுந்தடித்து ஓடிப்போய்ப் பார்த்தபோது கரையில் ஈர மண் கிளறப்பட்டுக் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பக்கத்துப் புல்வெளியில் மேயும் அல்லி என்ற புள்ளிமான்தான் விடாமல் நச்சரித்தது.

"இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா இப்படி ஒண்டியா நிப்பே? சிங்கம்தான் செத்து ஒழிஞ்சுதே! அது வாழ்ந்த இடத்திலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டா உனக்கும் மனசு ஆறும். வா, போகலாம்!"

மருதி அரை மனதாகப் போனது.

குகை வாசலில் வக்கணையன் வளைந்து குனிந்து வரவேற்றது. "வாங்க, வாங்க! உயிர் மேல ஆசை இருக்கிறவங்க வெளியிலேயே நில்லுங்க! மத்தவங்க உள்ளே வாங்க!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். செம்பருத்திச் சாற்றுக்கு 'இரத்தச் சாறு' என்று பெயர். வெள்ளைக் கிழங்குக்கு 'எலும்பு வறுவல்'. மூலையில் மொந்தன் என்ற கரடி, காய்ந்த புல்லைப் பிடரியாகக் கட்டிக்கொண்டு, பொந்து விழுந்த மரத்துண்டுக்குள் வாயை வைத்துக் கர்ஜித்தது. குட்டிகள் வீறிட்டன. தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மருதி சாற்றைக் குடிக்கவில்லை. சாறு ஊற்றியிருந்த பாத்திரத்தைப் பார்த்தது. வழவழவென்று தேய்த்த மண்டை ஓடு!

"அல்லி, இது யாரோட தலை?"

"அட, எதையாவது யோசிச்சுக்கிட்டு! குடி அக்கா!"

அப்போது வக்கணையன் ஒரு பாறைமேல் ஏறி நின்றது. சுவரில் மாட்டியிருந்த எலும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அது எப்படிச் செத்தது, இது எப்படித் துடித்தது என்று நடித்துக் காட்டத் தொடங்கியது. கடைசியில் ஒரு சிறிய கொம்பைத் தொட்டது.

"இவன் ஒரு துடுக்குப் பையன்! சிங்க ராஜாவையே முறைச்சுப் பார்த்தவன்! ஆனா கழுத்துல பல்லு பட்டதும் என்ன கத்து கத்தினான் தெரியுமா?"

நரி கழுத்தை நீட்டிக் கதறிக் காட்டியது. அச்சு அசலாக அதே சத்தம். குன்றைத் தாண்டி வந்த அதே சத்தம்.

குகை முழுக்கச் சிரிப்பு!

மருதி எழுந்தது. கொம்பை உற்றுப் பார்த்தது. அடியில் லேசாக வளைந்திருந்தது. புதுக் கொம்பின் மேல்தோல் உரியும் முன்பே அவசரப்பட்டு வேங்கை மரத்தில் முட்டி மகன் வளைத்துக்கொண்ட கொம்பு அது. அப்போது மருதி அவனை எவ்வளவு திட்டியிருக்கும்!

"நிறுத்துடா!"

அந்த ஒரே அதட்டலில் சிரிப்பு நின்றது.

"அது என் மகன் கொம்பு! அவன் கத்தினது உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்கே இருந்தியா?"

வக்கணையன் ஒரு நொடி விழித்தது. பிறகு பல்லைக் காட்டியது. "சிங்க ராஜா மிச்சம் வைக்கிறதைச் சாப்பிட யாராவது கூடவே போக வேணாமா அம்மா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். மறுபடியும் குகை முழுக்கச் சிரிப்பு.

மருதிக்குக் கண் சிவந்தது. ஒரே பாய்ச்சலில் நரிமேல் பாய்ந்தது. ஆனால் அதற்குள் மொந்தன் குறுக்கே வந்து விழுந்தது. கரடியின் பலத்துக்கு மான் எம்மாத்திரம்? தள்ளிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டது.

"சாப்பிட வந்த இடத்துல எதுக்கு இந்தச் சண்டை?" என்று காட்டுப்பன்றி முணுமுணுத்தது. அல்லியோ தலையைக் குனிந்துகொண்டது. எழுந்து வரவில்லை.

மறுநாள் காலை, கரடி தேன் தேடப் போயிருந்த நேரத்தில், மருதி மறுபடியும் குகைக்குள் புகுந்தது. கொம்பைப் பல்லால் கவ்விச் சுவரிலிருந்து பிடுங்கியது. வக்கணையன் தடுக்கவே இல்லை.

"தாராளமா எடுத்துட்டுப் போ! எனக்கென்ன கொம்புக்கா பஞ்சம்? வேற ஒண்ணை மாட்டி அதே கதையைச் சொன்னா ஆச்சு!"

சொன்னபடியே செய்தது. மருதி மகனின் கொம்பை வேங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் குகைப் பக்கமாகத் திரும்பி வந்தபோது, அதே இடத்தில் இன்னொரு கொம்பு தொங்கியது. நரி அதே கதறலைக் கதறிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது.

மருதிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கொம்பும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையுடையதுதானே! தன் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஆயிற்றா?

அன்றிலிருந்து குகை வாசலில் போய் நின்றது. உள்ளே போகிறவர்களை எல்லாம் மறித்தது.

"முயலே, நீ சாறு குடிக்கிறது உன் பெரியப்பனோட மண்டையா இருக்கலாம்! பன்றியே, நீ சாய்ஞ்சு உட்கார்றது யாரோட விலா எலும்பு? உங்களுக்கெல்லாம் சூடு சொரணையே இல்லையா? உங்க வீட்டுல ஒருத்தர்கூடவா அந்தச் சிங்கத்துக்கு இரையாகலை?"

சிலர் நெளிந்தார்கள். முள்ளம்பன்றிக் குடும்பம் ஒன்று திரும்பிப் போய்விட்டது. வக்கணையன் அதைக் கவனித்தது. இப்படியே விட்டால் கடையை மூட வேண்டியதுதான். யோசித்தது. யோசித்ததும் அதன் முகம் மலர்ந்தது.

மறுநாள் நரியின் அறிவிப்பு இப்படி இருந்தது: "புதுசு! புதுசு! வாசல்ல பிள்ளையைப் பறிகொடுத்த தாய்! அழுவா, ஆத்திரப்படுவா, சாபம் விடுவா! எல்லாம் விருந்தோட சேர்த்திதான்!"

கூட்டம் இரண்டு மடங்கானது! மருதி வாயைத் திறந்தால் போதும், குட்டிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. "இன்னொரு தடவை கத்தச் சொல்லும்மா!" என்று கேட்டன.

"நேத்து அழுததுதான் உருக்கமா இருந்துச்சு. இன்னைக்கு வெறும் கோபம்தான்" என்றது மயில்.

"அந்த மான் கொஞ்சம் சுருக்கமாப் பேசலாம். கிழங்கு ஆறிப்போகுது" என்றது பன்றி.

பேசினால் வேடிக்கை. பேசாமல் நின்றாலும், "பாரு, எவ்வளவு இயல்பா நடிக்குது!" என்றார்கள். இந்தக் காடே நாசமாய்ப் போகட்டும் என்று மருதியின் வாயில் வந்துவிட்டது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் ஒரு புலி இருந்தது. சிங்கத்துக்குப் பயந்து அது இந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. சில நாட்களாகத் தினமும் சிங்கத்தின் கர்ஜனை அதன் காதில் விழுந்தது. கர்ஜனை முடிந்ததும் கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. புலிக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மையான சிங்கம் கர்ஜித்தால் யாராவது கைதட்டுவார்களா? அது நிதானமாக ஓடையைக் கடந்தது.

பொழுது சாயும் நேரம். காற்று திரும்பியது. மருதியின் மூக்கில் அந்த வாடை ஏறியது. புதருக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ அசைந்தது.

மருதிக்குச் சத்தம் போடாமல் நழுவிப்போக வழி இருந்தது. உள்ளே இருப்பவர்கள் தன் பிள்ளையின் சாவைக் கேட்டுச் சிரித்தவர்கள்தானே? அதற்குமேல் அது யோசிக்கவில்லை. வாலை நிமிர்த்தியது. முன்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தது. குன்றே அதிரும்படி கத்தியது.

"புலி! புலி வருது! வெளியே ஓடுங்க!"

உள்ளே பலத்த கைதட்டல்!

"அடடா, அம்மா இன்னைக்குப் பின்னி எடுக்கிறா!" என்றது முயல்.

"சிங்கக் குகைக்குப் புலி எதுக்கு வருது? கதை பொருந்தலையே!" என்றது மயில்.

"அல்லி! நீயாவது நம்பு! சத்தியமாச் சொல்றேன், புலி!"

அல்லி காதை விடைத்தது. எழப் பார்த்தது. பக்கத்தில் இருந்த முயல் அதை இழுத்து உட்கார வைத்தது. "உட்காரு, உட்காரு! இப்போதான் சுவாரசியமே ஆரம்பிக்குது!"

புலி வந்துவிட்டது. மருதி முள்புதருக்குள் பாய்ந்து ஒளிந்தது. புலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் குகைக்குள் நுழைந்தது.

குட்டிகள் ஆரவாரம் செய்தன. ஒரு முயல்குட்டி ஓடிப்போய் புலியின் வாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

வக்கணையன் பாறையிலிருந்து இறங்கி வந்தது. "வேஷம் பிரமாதம்டா மொந்தா! ஆனா நான் கூப்பிடறதுக்கு முன்னாடி ஏன் வந்தே?"

மூலையிலிருந்து கரடியின் குரல் வந்தது. "அண்ணே, நான் இங்கேதான் இருக்கேன். இன்னும் பிடரியே கட்டலையே!"

வக்கணையனின் வால் தொங்கியது. கத்த வாயைத் திறந்தது. புலி அதன் கழுத்தைக் கவ்வியது.

நரி கதறியது. இந்த முறை அது யாரையும் போலக் கதறிக் காட்டவில்லை. அது அதன் சொந்தக் கதறல்.

கூட்டம் கைதட்டியது! பன்றி கீழே புரண்டு சிரித்தது. "எப்படித் துடிக்கிறான் பாரு! இதுவரைக்கும் செஞ்சதுலேயே இதுதான் உச்சம்!"

ஏதோ ஒன்று முயலின் முன்னங்காலில் சொட்டியது. சாறு என்று நினைத்து முயல் அதைத் துடைத்தது. சூடாக இருந்தது. முயலின் சிரிப்பு அப்படியே நின்றது.

பிறகு யாரும் கைதட்டவில்லை. புலி நரியைத் தூக்கிக்கொண்டு, சுவரோரம் ஒட்டி நின்ற கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தது. எங்கே வந்தால் இரை இருக்கும் என்று தெரிந்துகொண்டுவிட்டது. திரும்பி நடந்து போனது.

வெகுநேரம் கழித்துத்தான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அல்லி, முள்புதர் அருகே நின்ற மருதியிடம் வந்தது.

"அக்கா, நீ கத்தினது நிஜம்னு எங்களுக்குத் தெரியலையே!"

"என் மகன் கத்தினதும் நிஜம்தான் அல்லி" என்றது மருதி.

முயல் தன் குட்டியை அணைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தது. "புலி எந்தப் பக்கம் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. உனக்குத்தான் வாடை தெரியும். எங்களை வீடு கொண்டுபோய்ச் சேர்த்துடு தாயே!"

மருதி அவர்களை ஏறிட்டுப் பார்த்தது. அதன் கோபம் துளிகூடக் குறையவில்லை. மன்னித்துவிட்டதாக அது சொல்லவும் இல்லை.

"வாயை மூடிக்கிட்டு என் பின்னால வாங்க. ஒருத்தர் சிரிச்சாலும் விட்டுட்டுப் போயிடுவேன்!"

காற்றை முகர்ந்தபடி மருதி முன்னே நடந்தது. மற்றவை மூச்சுக்கூட விடாமல் பின்னே நடந்தன.

அடுத்தவர் பட்ட துயரத்தை வேடிக்கையாக்கிக் கைதட்டுகிறவர்களுக்கு, தங்கள் கழுத்துக்கே வரும் ஆபத்தும் வேடிக்கையாகத்தான் தெரியும்.