எந்த மாமன் மடியில்?

ஊருக்கு ஊர் காலவண்டி ஓட ஆரம்பித்த பிறகு நடந்தது இது. ஏறி உட்கார்ந்தால் போன வருஷத்துக்கும் போகலாம், வரப்போகிற வருஷத்துக்கும் போகலாம். அதனால் யாருக்கு நிம்மதி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பேச்சியம்மாள் தன் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அவளுக்கு ஒரே அண்ணன், இசக்கிராஜ். அவனோ, காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயரைத் தங்கை புருஷன் வீட்டுக்காரர்களுக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று முறுக்கிக்கொண்டு, வரவே மாட்டேன் என்றுவிட்டான். அச்சடித்தவன் தப்பு என்று எவ்வளவோ சொல்லியும் இறங்கி வரவில்லை.

பேச்சிக்கு அலுத்துப்போய்விட்டது. புருஷன் கொம்பையாவிடம், "பத்து வருஷத்துக்கு முந்தி போய், என்மேல கோபமே இல்லாத எங்கண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அவரும் கூட்டி வந்தார். மீசை அரும்பிய இசக்கி இறங்கியதும் தங்கை கையைப் பிடித்துக்கொண்டான். "ஏட்டி, உனக்குக் கல்யாணமே ஆயிட்டா? மாப்பிள்ளை யாரு?"

"உன்னை வண்டியில கூட்டிட்டு வந்தவருதான்."

அதற்குள் இன்னொரு வண்டி. அதிலிருந்து தலை நரைத்த இசக்கி இறங்கினார். "அன்னைக்கு நான் வரல தாயி. அதோட ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுபோச்சு. பிறகு உன் மக கல்யாணத்தைக்கூட தெருமுனையில நின்னுதான் பார்த்தேன். இப்பவாவது என் மடியில வை" என்று கண் கலங்கினார்.

யாரோ போய்ச் சொல்ல, இன்றைய இசக்கியும் விழுந்தடித்து ஓடி வந்தான். "நான் இருக்கையில என் மருமக எவன் மடியில உட்காருவா?"

"எல்லாமே உங்க மடிதான், மச்சான்" என்றார் கொம்பையா.

"மாப்ள, நீரு சும்மா இரும்!"

மூன்று பேரும் பலகையில் உட்கார முண்டினார்கள். பிள்ளை வீறிட்டது. காதுக்கு ஒருத்தர் என்றாலும் ஒரு மாமன் மிச்சம். ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு தாய்மாமனையே சமாளிக்க முடியல, இங்க மூணா? சீக்கிரம் சொல்லும்மா!"

ஒருவனுக்குக் கோபமே தெரியாது. ஒருவர் கோபத்தால் எல்லாம் இழந்தவர். இன்னொருவன் இன்னும் கோபம் ஆறாமலே வந்து நிற்கிறான். யார் மடியில் பிள்ளையை வைப்பது சரி? நீங்களே சொல்லுங்கள்.

விடை: இன்றைய இசக்கி மடியில்தான். சின்னவனுக்கும் பேச்சிக்கும் சண்டையே இல்லை, அவனோடு சமாதானமாகி என்ன செய்ய? பெரியவர் மடியில் வைத்தால் பாவம் தீரும் என்று தோன்றும். ஆனால் இன்றையவன் கோபித்துக்கொண்டு போய், அதே பெரியவராகத்தான் திரும்பி வருவான். இவன் உட்கார்ந்தால்தான் அவர் பட்டதெல்லாம் இல்லாமல் போகும். அது புரிந்து முதலில் பலகையை விட்டு எழுந்தவர் பெரியவர்தான். பேச்சி இன்றைய அண்ணன் பக்கம் திரும்பினாள். "உட்காரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே உட்காரு. எனக்கு அது போதும்."