தூங்கவைத்துக் கேட்ட வாய்ப்பாடு

முட்டாள் இல்லாத ஊர் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். எல்லா ஊரிலும் உண்டு. மற்ற ஊர்களில் பாவம், தனித்தனியாக இருப்பார்கள். எங்கள் மஞ்சணத்திப்பட்டியில் மட்டும் தலைவர், செயலாளர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் வைத்துக்கொண்டு 'மூன்றாம் வகுப்புப் பெற்றோர் சங்கம்' என்று ஒன்றாக இருந்தார்கள். அப்படி ஒன்று சேர்த்துவைத்த பாவி நான்தான். நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். அவர்களைக் கூட்டிவைத்த சர்க்குலரை டைப் அடித்தது இந்த விரல்கள்தான்.

மூன்றாம் வகுப்பு ரெஜினா டீச்சர் திருநெல்வேலியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். மூணாப்பு என்பது ஒண்ணாப்பு, ரெண்டாப்பு மாதிரி இல்லை, பிள்ளைகள் திடீரென்று மாறும், அதைப் பெற்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. டீச்சர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தலைப்பு: 'மூன்றாம் வகுப்பில் உங்கள் குழந்தையிடம் என்ன எதிர்பார்க்கலாம்'. வகுப்பில் மொத்தம் ஏழு பிள்ளைகள். ஏழு காப்பி எடுத்து ஏழு வீட்டுக்கும் அனுப்பினோம்.

சங்கத் தலைவர் அய்யலுசாமி தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. பெட்டிக்கு நாற்பது குச்சி என்று எழுதியிருந்தால் நாற்பதுதான் இருக்க வேண்டும், ஒன்று கூடினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். இருபது வருஷம் அப்படியே வேலை பார்த்த மனுஷன் கையில் போய் எங்கள் சர்க்குலர் சிக்கியது.

முதல் வரி, 'இந்த வயதில் குழந்தை தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கும், பெற்றோர் உதவக் கூடாது' என்பது. மறுநாள் காலையில் வேலுத்தாயின் மகன் அவசரத்தில் சட்டைக் கைக்குள் தலையை விட்டுவிட்டான். தலை போன வழியில் திரும்ப வரவில்லை. அப்போதும் வேலுத்தாய் சர்க்குலரை மீறவில்லை, சங்கத்தைக் கூட்டினாள். ஒரு பட்டனைக் கழற்றிவிடலாமா, அது உதவியா, அல்லது வெறும் யோசனை மட்டும் சொல்லலாமா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். யோசனையும் உதவிதான் என்று அய்யலுசாமி தீர்ப்புச் சொன்னார். பையன் அப்படியே வேனில் ஏறி வந்தான். டீச்சர் சட்டையைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போட்டார்.

இரண்டாவது வரி, 'இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று தினமும் கேளுங்கள், ஒன்றுமில்லை என்ற பதிலை ஏற்காதீர்கள்' என்பது. டீக்கடை எத்திராஜ் தன் மகனிடம் கேட்டார். ஒண்ணுமில்ல என்றான். ஏற்கவில்லை. மறுபடி கேட்டார். ஒண்ணுமில்ல. சோறு ஆறிப்போகும் வரை கேட்டார். பையனும் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்? பள்ளிக்கூடத்துக்கு யானை வந்தது என்று சொன்னான். எத்திராஜ் திருப்தியாக எழுந்து கை கழுவினார். விடிந்ததும் என் ஆபீஸ் ஜன்னல் முன்னால் சங்கம் முழுக்க வாழைத்தாரோடு நிற்கிறது. யானை வந்ததை ஏன் மறைத்தீர்கள் என்று என்னிடம் சண்டை. வரவே இல்லை என்று நான் சொன்னேன். இல்லை என்ற பதிலை ஏற்கக் கூடாது என்று என் கையாலேயே அடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். வாழைத்தாரை வாங்கி வைத்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசிப் பத்திதான் எங்கள் எல்லோரையும் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதை அப்படியே தருகிறேன்: 'பத்தாம் வாய்ப்பாடு வரை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். டிசம்பரில் தாளாளர் நேரில் வந்து கேட்பார். அனைவரும் சொன்னால் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா. ஒருவர் தவறினாலும் சுற்றுலா கிடையாது.'

அய்யலுசாமிக்கு ஒரே மகள், யோகவர்ஷினி. எட்டு வயது. எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்தான், அதுவும் பங்குனி வந்தால் கிரிக்கெட் மைதானம். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. சர்க்குலர் போன நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஒரே வாரத்தில் பதினாறாம் வாய்ப்பாடு வரை நெட்டுருப் போட்டுவிட்டாள். என் ஜன்னலில் வந்து நின்று மடமடவென்று ஒப்பிப்பாள். வீட்டில் ஒப்பித்தால் மட்டும் அய்யலுசாமி ஓடிவந்து வாயைப் பொத்துவார்.

"முழிச்சிக்கிட்டே சொன்னா எந்தப் புள்ளதான் சொல்லாது? தூக்கத்துல எழுப்பிக் கேக்கணும்னு போட்டிருக்கு. வீணாக்காத" என்பார்.

சங்கம் கூடியது. தூங்கினால்தான் எழுப்ப முடியும், அதனால் முதல் வேலை தூங்கவைப்பது என்று அய்யலுசாமி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது எத்திராஜ் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"அண்ணாச்சி, நாமளும் தூங்கிருவோமே. நம்மள யாரு எழுப்புறது?"

"அலாரம் வச்சா?" என்றார் செயலாளர் பாப்புராஜ். அன்றைக்கு அவரைப் போல அறிவாளி இல்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அலாரம் அடித்தது. ஏழு வீட்டிலும் பிள்ளைகள்தான் முதலில் எழுந்தன. யோகவர்ஷினி அப்பாவை உலுக்கி, மணி அடித்துவிட்டது, கேளுங்கள் என்றாள். நீயாக முழித்துவிட்டாய், நான் எழுப்பவில்லை, இது செல்லாது, மறுபடி தூங்கு என்று அவர் அவளைப் படுக்கவைத்தார். அவள் தூங்குகிறாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே அவர் தூங்கிவிட்டார். அவள்தான் எழுந்து அவருக்குப் போர்வை போர்த்திவிட்டாள். இப்படி ஒரு மாதம் போனது.

பிறகு ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரிப்படும் என்று தீர்மானம் போட்டார்கள். சமுதாயக் கூடத்தில் ஏழு பாய். ஆளுக்கு ரெண்டு தட்டு தயிர்ச்சோறு. வேலுத்தாய் தாலாட்டுப் பாட, பாப்புராஜ் விசிற, கண் சொருகிய பிள்ளையை எத்திராஜ் தோளைத் தொட்டு எழுப்ப, அய்யலுசாமி கேள்வி கேட்பார். கேட்டதும் மறுபடி தூங்கவைப்பார்கள். ஒரு மத்தியானத்துக்கு ஒரு பிள்ளையை ஒன்பது தடவை எழுப்பினார்கள். ஒரு பையன் எழுப்பினால் வாய்ப்பாடு சொல்வதற்குப் பதிலாக அழுதான். அவன் அழுகை எத்தனையாம் வாய்ப்பாடு என்று தெரியாமல் சங்கம் குழம்பியது.

வகுப்பில் ஏழும் தூங்கி விழுந்தன. டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'உங்கள் குழந்தை வகுப்பில் தூங்குகிறது' என்று டைரியில் எழுதி அனுப்பினார். மறுநாள் சங்கம் கடலை மிட்டாயோடு வந்தது. டீச்சர் கையில் மிட்டாயைக் கொடுத்து, தூங்கினபோது எழுப்பிக் கேட்டீர்களா, சொன்னார்களா என்று ஆவலாக விசாரித்தார்கள். டீச்சருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது பேச்சுக்குச் சொல்வது, நன்றாக மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம், பிள்ளைகளை நிம்மதியாகத் தூங்க விடுங்கள் என்று கத்தினார்.

அய்யலுசாமி முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த வரி சும்மா எழுதுனதா டீச்சர்? அதுக்கு அடுத்த வரியில கன்னியாகுமரின்னு போட்டிருக்கே, அதுவும் சும்மாதானா? எம் புள்ள கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

யோகவர்ஷினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து முறைத்தார், ஏதோ நான்தான் பயிற்சிக்குப் போய்வந்த மாதிரி. கடைசியில், இல்லை, எதுவும் சும்மா இல்லை, எல்லாமே நிஜம்தான் என்று சொல்லிவிட்டார். வேறு எப்படிச் சொல்வது?

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை தாளாளர் பொன்னுத்துரை வந்தார். பெரிய மனுஷன். காலையில் ஒரு கல்யாணப் பந்தியை முடித்துவிட்டு, வயிறு முட்ட வந்து நாற்காலியில் சாய்ந்தார். சங்கம் ஏற்கனவே பாய், தலையணை, தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியோடு வகுப்பறையில் தயாராக இருந்தது. பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். ஆரம்பிக்கலாமா என்று தாளாளர் கேட்டார். கொஞ்சம் பொறுங்க ஐயா, இன்னும் தூங்கவில்லை என்றார் அய்யலுசாமி. இது ஏதோ புதிய கல்வி முறை போலிருக்கிறது என்று நினைத்துத் தாளாளர் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

நாலு மாதமாகத் தூங்கி வழிந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பார்த்துத் தூக்கம் வரவில்லை. எப்படி வரும்? பரீட்சை முடிந்தால் கடல். ஏழும் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடந்தன. வேலுத்தாய் தொண்டை கட்டும் மட்டும் பாடினாள். அந்தப் பாட்டுக்கு ஒரே ஒருவர்தான் தூங்கினார், தாளாளர்.

நேரம் போகப் போக அய்யலுசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. இதைப் பார்த்த யோகவர்ஷினி பக்கத்துப் பையனைக் கிள்ளிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அடுத்தவனைக் கிள்ள, ஏழு பேரும் கண்ணை மூடிவிட்டார்கள். பாப்புராஜுக்குச் சந்தேகம். நிஜமாகத் தூங்குகிறவர்களுக்குக் கால் ஆடுமே என்று உரக்கச் சொன்னார். உடனே ஏழு ஜோடிக் காலும் ஆடின. சங்கம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அதோடு நில்லாமல் பாப்புராஜ் தாளாளர் காலையும் குனிந்து பார்த்தார். அது ஆடவில்லை. ஐயா முழித்துத்தான் இருக்கிறார், கண்ணை மூடிக் கவனமாகக் கேட்கிறார், ஆரம்பிங்க என்றார்.

பிள்ளைகளை ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். ஒன்பதாறு, எட்டுநாலு, ஆறேழு, எதைக் கேட்டாலும் பதில் வந்தது. அழும் பையன்கூட அழாமல் சொன்னான். கடைசியாக யோகவர்ஷினியை எழுப்பி ஏழெட்டு கேட்டார்கள். அம்பத்தாறு என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அய்யலுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றுலா அனுமதிக் காகிதத்தோடு தாளாளரிடம் போய், கையெழுத்துப் போடுங்க என்று தோளைத் தொட்டார். தாளாளர் திடுக்கிட்டு எழுந்தார். தோளைத் தொட்டதும் எழுந்த ஆளைப் பார்த்தால் அய்யலுசாமி வாய் சும்மா இருக்குமா? நாலு மாசப் பழக்கம்.

"ஏழெட்டு?" என்று கேட்டுவிட்டார்.

"அறுபத்திரண்டு" என்றார் தாளாளர்.

அய்யலுசாமி மடியிலிருந்து சர்க்குலரை எடுத்தார். 'ஒருவர் தவறினாலும் சுற்றுலா கிடையாது' என்று வாசித்தார். ஒருவர் என்றுதான் போட்டிருக்கிறது, பிள்ளை என்று போடவில்லை, ஐயா தவறிவிட்டார், சுற்றுலா இல்லை என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடி அழுதார். ஜெயித்த பரீட்சையைத் தானே தோற்கடித்த மனுஷனை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நான் கத்தினேன், டீச்சர் கெஞ்சினார். எழுத்து எழுத்துதான் என்று ஒரே பிடி. யோகவர்ஷினியின் உதடு துடிக்க ஆரம்பித்தது. எனக்கு அந்தக் காகிதத்தைப் பிடுங்கித் தின்றுவிடலாம் போல இருந்தது.

அவள் அழவில்லை. எழுந்து வந்து அப்பா துண்டை விலக்கினாள்.

"அவரு கால் ஆடலைல்லப்பா? அப்ப அவரு தூங்கவே இல்ல. முழிச்சிக்கிட்டுச் சொன்னா செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

சங்கம் மூலையில் கூடிப் பேசியது. ரொம்ப நேரம் பேசியது. பிறகு அய்யலுசாமி தாளாளரிடம் வந்து, உண்மையைச் சொல்லுங்க, நீங்க தூங்கினீங்களா என்று கேட்டார். மானம் போகாமல் தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் தாளாளர், நானாவது தூங்குவதாவது என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

சுற்றுலாவுக்கு ஒரு சர்க்குலர் வேண்டுமே. ரெஜினா டீச்சர் இரண்டு நாள் யோசித்து இரண்டே வரி சொன்னார். வில்லங்கம் ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் மூன்று தடவை வாசித்துப் பார்த்தோம். 'ஒவ்வொரு குழந்தையோடும் பெற்றோர் ஒருவர் வர வேண்டும். கடற்கரையில் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.' இதில் என்ன கோளாறு வரும்? அனுப்பிவிட்டோம்.

நான் போகவில்லை, ஆபீசில் வேலை இருந்தது. திங்கட்கிழமை யோகவர்ஷினி வந்து என் மேஜையில் ஒரு சிப்பியை வைத்துவிட்டு, அரைமணி நேரம் மூச்சுவிடாமல் கடலைப் பற்றியே பேசினாள். அலை இவ்வளவு உயரம் வந்ததாம், காலுக்குக் கீழே மண் நழுவியதாம், தண்ணீர் நிஜமாகவே உப்பாம். கேட்கக் கேட்க எனக்கே கண் கலங்கிவிட்டது. நாலு மாதம் பட்ட பாடெல்லாம் போகட்டும் என்று தோன்றியது.

அவள் வகுப்புக்குப் போனதும் அய்யலுசாமி வந்தார். முழங்கால்வரை வேட்டியில் உப்புப் பூத்திருந்தது. கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அத யாரு சார் பாத்தா? புள்ளைகள விட்டுக் கண்ண எடுக்கக் கூடாதுன்னு போட்டிருந்தீங்கள்ல. அதுக மூஞ்சிக்கு நேரா ஏழு பேரும் நின்னு அஞ்சு மணி நேரம் இமைக்காமப் பாத்தோம். அது கிடக்கட்டும், ஒரு கம்ப்ளைண்ட் எழுதணும். எங்க முதுகுக்குப் பின்னால எவனோ ஒரு பெரிய லாரிய நிப்பாட்டிட்டு, நாங்க கிளம்புற வரைக்கும் இஞ்சினையே அணைக்கல சார். தண்ணி வேற ஒழுகி எங்க காலெல்லாம் நனைஞ்சு போச்சு."