அணில் வீட்டுக்கு மூன்று காவல்

குளக்கரைப் புளியமரத்துப் பொந்தில் பேச்சியம்மா என்று ஓர் அணில் இருந்தது. அதற்குச் சுடலை என்று ஒரு கணவன், நான்கு குட்டிகள், ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் காட்டில் எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் உண்டு. கொக்கு அதில் மீன் நிலவரம் பார்க்கும். மயில் தன் படத்தையே பார்க்கும். பேச்சியம்மா அதில் வைத்திருந்தது ஒரே ஒரு பட்டியல்.

அணில்கள் மழைக்காலத்துக்காகக் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கும். பிறகு புதைத்த இடத்தை மறந்துவிடும். போன வருஷம் ஐப்பசி மழையில் அப்படித்தான் ஆனது. பேச்சியம்மா குடும்பம் பதினொரு நாள் மரப்பட்டையைத் தின்றது. கடைக்குட்டி இளைத்து, வால் மட்டும்தான் மிச்சம் என்று ஆகிவிட்டது.

அதனால் இந்த வருஷம் புதைத்த இடங்களையெல்லாம் வரிசையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். முதல் இடம் தூரத்து நாவல் மரத்தடி. கடைசி இடம் வீட்டுப் புளியமரத்தின் வேர்.

மழைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் கிளி ஒரு செய்தி கொண்டுவந்தது.

"கேட்டியா பேச்சி! ஆலமரத்து இருவாச்சிப் பறவை வீட்டுக் கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்துட்டாம்! கல்யாணப் படம் அத்தனையும் போச்சாம்!"

"அத்தனையுமா?"

"ஒண்ணே ஒண்ணு மிச்சமாம். அதுலயும் மாப்பிள்ளை மூக்கு மட்டும்தான் தெரியுதாம்!"

பேச்சியம்மாவுக்குத் தன் பட்டியல் நினைவுக்கு வந்தது. படம் போனால் போகட்டும். பட்டியல் போனால் நாலு குட்டிகளும் என்ன தின்னும்? அது ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் மேல் வாலை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. வைரஸ் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியாததால் நாலு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது.

"ஒரு ஆன்டிவைரஸ் போட்டா சரியாப் போச்சு. இதுக்குப் போய் இப்படி உட்காந்திருக்கியே!" என்றது சுடலை.

"எந்த ஆன்டிவைரஸ்ங்க?"

சுடலைக்கு அது தெரியாது. வெளியே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது.

பேச்சியம்மா பக்கத்துக் கிளையில் இருந்த காகத்திடம் கேட்டது.

"புலிக்காவல் போடு!" என்றது காகம். "பெட்டி மேல புலிப் படமே போட்டிருக்கான்!"

"நல்லா வேலை செய்யுமா?"

"புலிப் படம்னு சொல்லுதேன். நீ வேலை செய்யுமான்னு கேக்கியே!"

அடுத்து மைனாவிடம் கேட்டது.

"ஆயிரங்கண் போடுங்க. இலவசம். அப்பப்ப விளம்பரம் வரும். அந்த நேரம் கண்ணை மூடிக்கிட்டாப் போதும்."

அன்று சாயங்காலமே வேப்பமரத்திலிருந்து நாத்தனார் இசக்கி வந்து சேர்ந்தது. அதைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை.

"என்ன மதினி, ஊரெல்லாம் கேக்கீங்களாம், எங்கிட்ட கேக்கலையே! நாங்க இரும்புவேலி போட்டிருக்கோம். ரெண்டு வருஷமா ஒரு வைரஸ் வரலை!"

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டரே ரெண்டு வருஷமா ஓடலையே இசக்கி?"

"அதத்தான் மதினி சொல்லுதேன். ஒண்ணுமே வரலை!"

இப்போது பேச்சியம்மாவுக்குப் பெரிய குழப்பம் வந்துவிட்டது. காகத்தின் பேச்சைக் கேட்காவிட்டால் அது காடெல்லாம் சொல்லிக் காட்டும். நாத்தனார் பேச்சைக் கேட்காவிட்டால் பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசாது. மைனா சொன்னதோ இலவசம். இலவசத்தை எப்படி விடுவது?

அணில் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைப் புதைத்தாலும் மூன்று இடத்தில் புதைக்கும். காகம் தோண்டித் தின்ன ஒன்று, மறந்துபோக ஒன்று, நமக்கு ஒன்று. காவலும் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று பேச்சியம்மா நினைத்தது. மூன்றையும் போட்டது.

மூன்றாவதைப் போட்டதும் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. "இனி எனக்கு இங்கே வேலை இல்லை போலிருக்கிறது. நான் தூங்கப் போகட்டுமா?"

யார் கேட்கிறார்கள் என்று பேச்சியம்மா பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் அது "சரி" என்றுதான் அழுத்தும். இதற்கும் "சரி" என்று அழுத்தியது.

மறுநாள் காலையில் சண்டை தொடங்கியது.

"ஆபத்து!" என்று சிவப்பு எழுத்தில் கத்தியது புலிக்காவல். "ஆயிரங்கண் என்று ஒருவன் வீட்டுக்குள் நடமாடுகிறான்! பை நிறைய வைரஸ் படம் வைத்திருக்கிறான்!"

"அடையாளம் பார்க்க வைத்திருக்கிற படம் அது! உன் பையிலும் இருக்கிறதே!" என்றது ஆயிரங்கண்.

"இரண்டு பேரையும் பிடித்து அடைத்துவிட்டேன்!" என்றது இரும்புவேலி.

"உன்னை நாங்கள் நேற்றே அடைத்துவிட்டோம்!" என்றன மற்ற இரண்டும்.

ஒன்றையொன்று காவல் காப்பதிலேயே மூன்றுக்கும் பொழுது போயிற்று. கம்ப்யூட்டர் நகர மறுத்தது. காலையில் திறந்த பட்டியல் உச்சி வெயிலில்தான் கண்ணில் பட்டது. வாசலோடு போன நத்தை எட்டிப் பார்த்து, "ஏதும் கோளாறா?" என்று கேட்டது.

பேச்சியம்மா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. அப்போது ஆயிரங்கண்ணின் விளம்பரம் ஒன்று வந்தது. கண்ணை மூடுவதற்குள் படித்துவிட்டது.

"எச்சரிக்கை! இந்தக் கம்ப்யூட்டரில் 4,016 வைரஸ்! உடனே கூப்பிடவும்!"

நாலாயிரத்துப் பதினாறு! பட்டியலில் உள்ள இடங்களே முந்நூற்றுப் பன்னிரண்டுதான். இடத்துக்குப் பத்து வைரஸுக்கு மேல் வருகிறது. வீட்டுக்குள் வராமலே விளம்பரக்காரன் எப்படி எண்ணினான் என்று பேச்சியம்மாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. விளம்பரத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டது.

மறுமுனையில் பேசியது ஒரு பெருச்சாளி. அது பேச்சியம்மாவுக்குத் தெரியாது.

"வணக்கம் மேடம். பாதுகாப்புப் பிரிவுலேருந்து பேசுறேன். பதறாதீங்க. நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா..."

"போயிருந்தா?"

"வேண்டாம் மேடம். சொன்னா பயந்துருவீங்க."

அதைக் கேட்டுப் பேச்சியம்மா மிகவும் பயந்துவிட்டது.

"நான் உள்ளே வந்து சுத்தம் பண்ணிடுறேன் மேடம். ஆனா உங்க காவல் மூணும் என்னை விடமாட்டேங்குது. கொஞ்சம் நிறுத்தி வையுங்க."

"மூணையுமா தம்பி?"

"டாக்டர் வர்றப்ப நாயைக் கட்டிப் போடுறதில்லையா மேடம்?"

பேச்சியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நிறுத்தப் போனபோது மூன்று காவலும் முதல் தடவையாக ஒரே குரலில் பேசின. "வேண்டாம்! நிறுத்தாதே! நிச்சயமாக நிறுத்த வேண்டுமா?"

பேச்சியம்மா "சரி" என்று அழுத்தியது.

"பாஸ்வேர்டு சொல்லுங்க மேடம்."

"வாலாட்டி பன்னிரண்டு."

"நல்ல பாஸ்வேர்டு மேடம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சரி, இதுல முக்கியமான பொருள் எதுவும் வெச்சிருக்கீங்களா? அதைத்தான் முதல்ல பத்திரப்படுத்தணும்."

"கொட்டை புதைச்ச பட்டியல் ஒண்ணு இருக்கு."

மறுமுனையில் எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அதை நான் பாத்துக்கிறேன் மேடம். மூணு நாளைக்குக் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. மருந்து ஊறணும்."

"நல்லா இருப்பே தம்பி!" என்றது பேச்சியம்மா. அன்றும் அடுத்த நாளும் அது நிம்மதியாகத் தூங்கியது.

மூன்றாம் நாள் விடிந்ததும் சுடலை மூச்சிரைக்க ஓடிவந்தது.

"ஏ பேச்சி! நாவல் மரத்தடி பூராவும் பள்ளம்! கொட்டைத் தோல் மலையா கிடக்கு!"

பேச்சியம்மா ஓடிப்போய்க் கோமதி என்ற மரங்கொத்தியை அழைத்துவந்தது. அந்தக் காட்டில் கதவிலிருந்து கம்ப்யூட்டர் வரை பழுது பார்ப்பது கோமதிதான். அது கம்ப்யூட்டரை நாலு தட்டுத் தட்டிப் பார்த்தது.

"பட்டியலை எவனோ முந்தாநாள் நகல் எடுத்திருக்கான். பாஸ்வேர்டை யாருக்காவது சொன்னீங்களாக்கா?"

"யாருக்கும் சொல்லலை. வைரஸ் எடுக்க வந்த தம்பிக்கு மட்டும்தான் சொன்னேன். ரொம்ப மரியாதையான தம்பி."

கோமதி தட்டுவதை நிறுத்திவிட்டுப் பேச்சியம்மாவைப் பார்த்தது.

"இதுல ஒரு வைரஸும் இருந்ததே இல்லைக்கா. வாங்கும்போதே உள்ளே ஒரு காவல் இருந்துச்சு. சத்தம் போடாம வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க மூணு பேரைக் கொண்டுவந்து இறக்கினதும், தூங்கப் போகட்டுமான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"நீங்க?"

"சரின்னேன்."

"ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல காவல் போதும்க்கா. புதுசா எவன் திருட வந்திருக்கான்னு அப்பப்ப அதுக்குச் சேதி சொல்லிப் புதுப்பிச்சு வைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது. கடைக்குட்டி அதன் பக்கத்தில் வந்து, "மறுபடியும் பட்டைதானா அம்மா?" என்று கேட்டது.

அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

"ஏங்க, எதுவரைக்கும் தோண்டியிருக்குன்னு பட்டியலை வெச்சுப் பாத்துட்டு வாங்க!"

சுடலை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. "ஒண்ணாம் நம்பர்லேருந்து நூத்தி நாப்பது வரைக்கும் காலி. ஒண்ணுகூட விடாம வரிசையா வர்றான். மண்ணுல பெருச்சாளித் தடம்."

"பெருச்சாளி பகல்ல தூங்கும். பொழுது சாஞ்சாத்தான் கிளம்பும்," என்றது கோமதி.

பேச்சியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"அப்போ பகல் நம்மளுது. பட்டியல்ல அவன் மேலேருந்து வர்றான். நாம கீழேருந்து போவோம். முந்நூத்திப் பன்னிரண்டு எங்கே?"

"நம்ம வேர்லதான்!"

"தோண்டுங்க!"

அணிலும் குட்டிகளுமாக ஆறு பேர் தோண்டினார்கள். கோமதி பட்டியலைப் பார்த்து நம்பர் சொன்னது. தோண்டியதையெல்லாம் பொந்துக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். பெருச்சாளிக்கு மரம் ஏறத் தெரியாது. நடுவில் காகம் வந்து, "நான் சொன்ன புலிக்காவலைப் போட்டியா?" என்று கேட்டது. இசக்கி வந்து, "இப்படித் தோண்டக் கூடாது மதினி, எங்க வீட்ல வேற மாதிரி," என்றது. பேச்சியம்மாவின் வாயில் இரண்டு வாதாங்கொட்டை இருந்ததால் யாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. வேலை வேகமாக நடந்தது.

பொழுது இறங்கும் நேரத்தில் நூற்று நாற்பத்தொன்றாவது இடத்தையும் தோண்டிவிட்டார்கள். குட்டிகள் வீட்டுக்கு ஓடின. பேச்சியம்மா மட்டும் கடைசிக் கொட்டையோடு பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்தது.

புதருக்குள்ளிருந்து பெருச்சாளி கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தது. கையில் ஒரு தேக்கிலை. அதில் பட்டியல். நூற்று நாற்பத்தொன்றைத் தோண்டியது. காலி. அடுத்ததைத் தோண்டியது. அதுவும் காலி. ஐந்தாவது பள்ளத்தில் நிமிர்ந்து பார்த்தது. மேலே பேச்சியம்மா இருந்தது.

"மேடம், உங்க பட்டியல் தப்பா இருக்கே?" என்றது பெருச்சாளி.

அதே மரியாதையான குரல். பேச்சியம்மா அதை ஏற இறங்கப் பார்த்தது. தொந்தி, மண் ஒட்டின மூக்கு, இரண்டு பல். கம்ப்யூட்டருக்குள் புகுகிறவன் இரும்பையே ஊதித் தள்ளுகிற பூதம் என்று அது இத்தனை நாள் நினைத்து நடுங்கியது. இவனுக்கு ஒரு கிளையில் ஏறக்கூடத் தெரியவில்லை.

"பட்டியல் சரிதான் தம்பி. நான் கீழேருந்து வந்தேன்."

பெருச்சாளிக்கு மனம் மிகவும் புண்பட்டுவிட்டது.

"வாடிக்கையாளரே இப்படி ஏமாத்தினா நாங்க எப்படித்தான் தொழில் பண்றது மேடம்?" என்று சொல்லிவிட்டுத் தேக்கிலையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனது.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பொந்தில் பாதிக் கொட்டைதான் இருந்தது. குட்டிகளுக்கு ஆளுக்கு ஒன்றுக்குப் பதில் அரை கிடைத்தது. அதையும் அவை கொட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்து தின்றன. மரப்பட்டையை அந்த வருஷம் யாரும் தொடவில்லை.

பூட்டை உடைக்கத் தெரியாத திருடன், பயந்தவரிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்வான்.