அடுத்த தேர்தலிலிருந்து

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டைச் செங்கோட மன்னன் ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன்தான், ஆனால் காலையில் போட்ட ஆணை மாலையில் அவனுக்கே பிடிக்காது. அவனிடம் அமைச்சராக இருந்து இருந்து சொக்கேசருக்கு முப்பத்தெட்டு வயதிலேயே பாதித் தலை நரைத்துவிட்டது.

அந்த நாட்டுக்கு உயிர் ஒரே ஓர் ஏரி. கரை நாலாயிரம் முழம், மடை ஐந்து. ஏரிக் கண்காணிப்பாளர் பதவிக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். நிற்பவர்கள் தங்கள் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போடுவார்கள். அரசன் கையை விட்டு ஒன்றை எடுப்பான். எடுத்த பெயருக்குப் பதவி.

அந்த முறை நின்றவர்கள் மூவர். ஒன்பது ஆண்டாகப் பதவியில் இருக்கும் தண்டபாணி, ஏரி மீனைக் குத்தகை எடுத்திருக்கும் வணிகர் குழந்தைவேலு, அரசியின் தம்பி வயிரவன்.

தேர்தல் நாளில் சபை கூடியபோது மழைக்கு இருபது நாள்தான் இருந்தது. சொக்கேசர் பொறுக்க மாட்டாமல், “அரசே, இந்த மூவரில் யார் வந்தாலும் கரை இந்த மழையைத் தாங்காது” என்று சொல்லிவிட்டார்.

அமைச்சர் விரலில் கிடந்த முத்திரை மோதிரத்தின் மேல் வயிரவனுக்கு வெகுநாளாக ஒரு கண். “கேட்டீர்களா அத்தான்! யார் நிற்கலாம் என்று இவரே தீர்மானிப்பாராம். பிறகு குடம் எதற்கு, தேர்தல் எதற்கு?”

“அதுதானே!” என்று அரசன் சிலிர்த்துக்கொண்டான். “அமைச்சரே, யாரையும் நீரும் விலக்கக் கூடாது, நானும் விலக்க மாட்டேன். பொழுது சாய்வதற்குள் இந்த மூவரும் அல்லாத ஒருவர் முறையாகத் தேர்வாகட்டும். ஆகாவிட்டால் மோதிரத்தைக் கழற்றி வயிரவனிடம் கொடுத்துவிடும்.”

வயிரவன் வாய்விட்டுச் சிரித்தான். “அப்படியானால் நாலாவது ஆள் வேண்டுமே! அதோ, கரை கசிகிறது என்று முறையிட வாசலில் நிற்கிறாளே, மடை திறக்கிற மாடத்தி, அவள் பெயரையும் எழுதுங்கள்!”

சபையே சிரித்தது. மாடத்தி சிரிக்கவில்லை. “எழுதுங்க சாமி. அப்படியாவது நான் சொல்றது யார் காதுலயாவது விழுதான்னு பார்ப்போம்.”

சொக்கேசர் ஒன்று மட்டும் கேட்டார்: “தேர்தலைச் சீர்திருத்த என்ன செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் முதலில் சொல்லட்டும்.” பேச்சுக் கேட்பதென்றால் அரசனுக்கு உயிர். உடனே தலையசைத்தான்.

தண்டபாணி எழுந்தார். “அரச குடும்பத்துக்கு உறவானவர் எவரும் நிற்கக் கூடாது!” சபை கை தட்டியது.

வயிரவனுக்கு முகம் சிவந்தது. “ஏரியில் குத்தகை எடுத்தவன் நிற்கக் கூடாது! பாலுக்குப் பூனையா காவல்?” மறுபடியும் கைதட்டல்.

குழந்தைவேலு மெல்ல எழுந்தார். “ஒருமுறை பதவியில் இருந்தவர் மறுமுறை நிற்கக் கூடாது. சிலருக்கு ஆசனத்திலேயே வேர்விட்டுவிட்டது.” இதற்குக் கைதட்டல் இன்னும் பலம்.

“மூன்றும் அருமையான யோசனைகள். இன்றைக்கே சட்டமாக்கிவிடலாமா?” என்றார் சொக்கேசர்.

தண்டபாணி தொண்டையைச் செருமினார். “நல்ல காரியத்தில் அவசரம் ஆகாது. அடுத்த தேர்தலிலிருந்து வைத்துக்கொள்ளலாமே.”

“அடுத்த தேர்தலிலிருந்து. அதுதான் முறை” என்றார் குழந்தைவேலு.

“நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்” என்றான் வயிரவன். மூவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

எழுத்தர் எழுதினார், மூவரும் கையெழுத்திட்டார்கள், அரசன் முத்திரை வைத்தான்.

“மாடத்தி, உன் சீர்திருத்தம் என்னம்மா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. ரெண்டாவது மடைகிட்டயும் நாலாவது மடைகிட்டயும் கரை கசியுது. அடைக்கணும்.”

யாரும் கை தட்டவில்லை.

குடத்தைத் துணியால் மூடி வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து துணிக்கடியில் கையை விட்டு ஓலையைப் போட்டார்கள். மூன்று கைகள் இறுக மூடியபடி உள்ளே போவதைச் சொக்கேசர் கவனித்தார், வாய் திறக்கவில்லை. அரசன் ஓர் ஓலையை எடுத்துப் படித்தான்.

“வயிரவன்!”

“மோதிரம்!” என்று வயிரவன் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேற்குச் சாளரத்தில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சொக்கேசர் மோதிரத்தைப் பாதிவரை கழற்றிவிட்டு நிறுத்தினார்.

“தருகிறேன். குடத்தைக் கவிழ்த்து எண்ணுவது பழைய வழக்கம். அதையும் முடித்துவிடுவோம்.”

எடுத்த ஓலையோடு சேர்த்து எண்ணினார்கள். நின்றவர் நால்வர், ஓலை பதினொன்று. வயிரவன் பெயரில் நாலு, தண்டபாணி பெயரில் நாலு, குழந்தைவேலு பெயரில் இரண்டு. வணிகர் அல்லவா, சிக்கனம். மாடத்தி பெயரில் ஒன்று.

அரசனின் புருவம் ஏறியது. “போட்டது யார் என்று விசாரித்து, அந்தக் கையை...”

“விசாரணை எதற்கு அரசே!” என்று தண்டபாணி பதறினார். “யாரோ வேண்டாதவர் செய்த சூழ்ச்சி. இந்தத் தேர்தலைத் தள்ளிவிடுங்கள். அடுத்த தேர்தலை இப்போதே நடத்திவிடலாம்!”

“ஆமாம், இப்போதே!” என்றார்கள் மற்ற இருவரும்.

“மூவருக்கும் சம்மதம்தானே?” என்று சொக்கேசர் பணிவாகக் கேட்டார்.

“சம்மதம், சம்மதம்!”

“எழுத்தரே, அடுத்த தேர்தலுக்கு என்று சற்றுமுன் முத்திரை வைத்த சட்டத்தைப் படியும்.”

எழுத்தர் படித்தார். முதல் வரிக்கு வயிரவன் உட்கார்ந்தான். இரண்டாவது வரிக்குக் குழந்தைவேலு. மூன்றாவது வரியைப் படிப்பதற்கு முன்பே தண்டபாணி உட்கார்ந்துவிட்டார்.

குடத்தில் ஒரே ஓர் ஓலை விழுந்தது. முறை முறைதான் என்று அரசன் அதையும் வெகுநேரம் துழாவி எடுத்தான். “மாடத்தி!”

“அத்தான், இது அநியாயம்” என்று வயிரவன் முனகினான்.

“சபையில் உறவு கொண்டாடாதே. சட்டம் தெரியாதா?” என்ற அரசன், தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சொக்கேசருக்குப் போர்த்தினான். பிறகு மூவரையும் முன்னே அழைத்தான். “சட்டத்தை இயற்றி, அன்றைக்கே அதற்குத் தாமே முதலில் கட்டுப்பட்ட தியாகிகளை என் நாடு கண்டதில்லை. கொண்டுவாருங்கள் மூன்று மாலை!”

சபை கை தட்டிய தட்டில் கூரை அதிர்ந்தது. மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

மாடத்தி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். “மாலை வாடுறதுக்குள்ள மூணு பேரும் கரைக்கு வந்துடுங்க சாமி. மண் சுமக்க ஆள் பத்தலை.”

“கண்காணிப்பாளர் உத்தரவு. கிளம்புங்கள்” என்றான் அரசன்.

இருபத்தோராம் நாள் மழை கொட்டியது. கரை அசையவில்லை. அதில் வயிரவன் சுமந்த மண் நூற்றுப் பன்னிரண்டு கூடை. மாடத்தி பக்கத்தில் நின்று எண்ணினாள்.