பாலம் ஏறும்போது கேட்ட சத்தம்

"ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி உறுமுது சாமி. என்னன்னு கண்டுபிடிக்க முடியல."

ஆவுடையப்பன் இப்படிச் சொன்னதும் மடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளுக்கு வரன் அமையவில்லை என்று அங்கே வருவார்கள், தூக்கம் வரவில்லை என்று வருவார்கள். கார் உறுமுகிறது என்று யாரும் வந்ததில்லை. அதிலும் வந்தவர் ஊரிலேயே பேர்போன மெக்கானிக்.

மடத்துச் சாமிக்கு ஆவுடையப்பனைவிட வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு. கேட்டதற்குப் பதில் கிடைப்பதே அபூர்வம். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆவுடையப்பனின் காது அந்த வட்டாரத்தில் பிரசித்தம். நீட்டு ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அந்நேரம் யாரும் மூச்சு விடக்கூடாது. வண்டிக்குச் சொந்தக்காரரே வாயைத் திறந்தாலும் அதட்டு விழும். கண்ணைத் திறக்கும்போது கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட காது சொந்த வண்டியிடம் தோற்றுப்போய் நின்றது. பாவம், முகத்தைச் சவரம் செய்யக்கூட மறந்து வந்திருந்தார்.

செய்ததையெல்லாம் சாமியிடம் ஒப்பித்தார். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது, ஓட்டை இல்லை. பெல்ட்டை மாற்றினார். இன்ஜின் மவுண்டிங்கை மாற்றினார். சக்கரத்துப் பேரிங்கையும் விடவில்லை. நிறுத்தி வைத்து முடுக்கினால் ஒன்றும் கேட்பதில்லை. ரோட்டில் வேகம் எடுக்கும்போதுதான் அடியிலிருந்து கிளம்புகிறது.

"புதுசா என்ன கெட்டிருக்கு?" என்று கேட்டார் சாமி.

"புதுசா எதுவுமே கெடல சாமி. அதான் புரியல."

"எப்பத்துல இருந்து சத்தம்?"

"கோமுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, அன்னைக்கு. ஆத்துப் பாலம் ஏறும்போது முதமுதல்ல கேட்டேன்."

ஆவுடையப்பனே தொடர்ந்தார்.

"அவ திரும்பி வரல. சத்தம் மட்டும் வீட்டுக்கு வந்துட்டு."

கோமு அவர் மனைவி. அந்தக் காரே அவளுக்காக வாங்கியது. ஒர்க் ஷாப்புக்கு அவர் மொபெட்டில்தான் போவார். கோயில், கல்யாணம், மகள் வீடு என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகத்தான் கார். ஏறினதிலிருந்து இறங்குகிறவரைக்கும் அவள் வாய் ஓயாது. சொல்லும்போது ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"இப்ப என்ன ஆகணும்?"

"அவ இருந்தப்ப எப்படி ஓடுச்சோ அப்படி ஓடணும் சாமி. அவ உக்காந்த வண்டியை இப்படிக் கோளாறோட விட்டுட்டு என்னால இருக்க முடியல."

சாமி எழுந்து செருப்பை மாட்டினார். நேரே போய்க் கார்க் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கோமு போன பிறகு யாரும் உட்காராத இடம் அது. ஆவுடையப்பனுக்கு என்னவோ போலிருந்தது, ஆனால் சாமியிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் வண்டியை எடுத்தார்.

மடத்து வாசலைத் தாண்டியதும் சாமி பேச ஆரம்பித்தார்.

மடத்துப் பூனை குட்டி போட்டிருக்கிறதாம். எல்லாம் கறுப்பாம், ஒன்றுதான் வெள்ளையாம். அதோ அந்த டீக்கடையில் வடை பெரிதாக இருக்குமாம், உப்புதான் சேராதாம். புளியமரத்தைக் கண்டால் புளியமரத்தைப் பற்றிச் சொன்னார். எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்து, இது இப்போதெல்லாம் நேரத்துக்கே வருவதில்லை என்றார்.

இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷன் எல்லாவற்றையும் இன்றைக்கே கொட்டித் தீர்க்கிறாரா என்று ஆவுடையப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எரிச்சலாகவும் ஆனது. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துப் பார்த்தார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்னும் மிதித்தார். பூனைக்குட்டிக்குப் பால் பற்றவில்லை என்று சாமி சொல்லிக்கொண்டிருந்தார்.

பாலம் வந்தது. வண்டி மேடேறத் தொடங்கியது.

"கொஞ்சம் பேசாம வாங்களேன்," என்று அதட்டினார் ஆவுடையப்பன். "சத்தமே கேக்க மாட்டேங்கு."

சாமி பேச்சை நிறுத்தினார்.

அடியிலிருந்து உறுமல் கேட்டது.

அன்றைக்கும் இதே இடம்தான். அடுப்பில் பாலைக் காய்ச்சி மூடாமல் வந்துவிட்டோமே, பூனை உருட்டிவிடுமே என்று மூச்சு வாங்க வாங்கக் கோமு சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்குப் பயம். பயத்தில் ஓர் அதட்டுப் போட்டார். கொஞ்சம் பேசாம வாயேன்.

அவள் பேசாமல் வந்தாள். அப்போதுதான் உறுமல் கேட்டது. ஆஸ்பத்திரி வந்தபோதும் பேசவில்லை. அப்புறம் பேசவேயில்லை.

பாலத்தின் மறுகரை தெரிந்தது. உறுமல் கூடவே வந்தது.

"பேசுங்க சாமி," என்றார் ஆவுடையப்பன். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. "பூனையைப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்களே. பேசுங்க."

சாமி ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.